இடது அடுக்கு எலிகளின் பின்னங்கால்

மனித குலம் தன் இரண்டு கால்களில் நிற்கிறது என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஒரு நடை, ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் லகாட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகவும். மனித குலம் நிற்பது எலியின் பின்னங்காலில். அந்தப் பின்னங்காலை எத்தனை நாள், எவ்வளவு உயரத்தில், யாருடைய ஒப்புதலோடு தொங்கவிடலாம் என்று தீர்மானிக்கும் விலங்கு நல நெறிமுறைக் குழுவுக்குச் செயலாளர் ஒருவர் உண்டு. அந்தச் செயலாளர் நான். பெயர் அர்ச்சுனன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டீர்களே என்று சொல்கிறேன்.

லகாட்டிலிருந்து பத்து காஜா நகருக்குப் போகும் சாலையில், முன்பு பாலத்துத் தோட்டம் இருந்த இடத்தில் எங்கள் 'திடகாத்திர ஆய்வு மையம்' இருக்கிறது. அங்கே ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டுமனை வந்தது. வீட்டுமனை விலைபோகாததால் விஞ்ஞானம் வந்தது. ஒரு காலத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்த திடலில், இன்று எலிகளுக்கான குளிரூட்டப்பட்ட இல்லம் எழுந்து நிற்கிறது. என் தாயாரும் அந்தத் திடலில் பேர் கொடுத்தவர்தான். அதை நான் என் சுயவிவரத்தில் சேர்ப்பதில்லை.

மையத்தின் இயக்குநர் டாக்டர் சூசைநாதன். வாரத்தில் ஆறு நாள் சிலிபினில் ஜிம்முக்குப் போவார், ஏழாம் நாள் மாதா கோயிலுக்குப் போவார். இரண்டு இடத்திலும் கண்ணாடி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். சட்டைக் கை புஜத்தின் அழுத்தம் தாங்காமல் தையல் விட்டிருக்கும். அதை மட்டும் தைக்கக் கொடுக்கமாட்டார்.

"அர்ச்சுனன், தசை எப்படி வளருதுன்னு பார்க்கணும்னா, மொதல்ல அது எப்படித் தேயுதுன்னு பார்க்கணும் லா," என்றார் ஒருநாள். நான் குறித்துக்கொண்டேன். அவர் கோப்பி கேட்டாலும் நான் குறித்துக்கொள்வேன்.

சோதனை இதுதான். இருபத்துநான்கு எலிகள். ஒவ்வொன்றின் வாலிலும் மெத்தென்ற பட்டை ஒட்டி, அதில் ஒரு கொக்கி மாட்டி, கூண்டின் மேல் கம்பியில் தொங்கவிடுவோம். முன்னங்கால் இரண்டும் தரையில் இருக்கும். நகரலாம், தின்னலாம், குடிக்கலாம். பின்னங்கால் மட்டும் தரையைத் தொடாது. இரண்டு வாரத்தில் கெண்டைக்கால் தசை மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதனுக்குக் கால் சூம்புகிறதே, அதே சங்கதி. மனிதனை வாலைப் பிடித்துத் தொங்கவிட வழியில்லாததால் எலி.

இதில் இடது அடுக்கு எலிகள் பன்னிரண்டுக்கும் தீவனத்தில் டாக்டர் கண்டுபிடித்த, மூக்கைத் துளைக்கும் பெத்தாய்க் கொட்டையை அரைத்த மாவு கலந்து கொடுப்போம். வலது அடுக்குக்கு வெறும் தீவனம். பெத்தாய் தின்றால் கால் சூம்பாமல் இருக்குமா என்பதே உலகம் விடை தேடும் கேள்வி. எந்த அடுக்குக்கு எந்தத் தீவனம் என்பது வேலை செய்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்பது ஆய்வு விதி. பெத்தாய் நாற்றம் லகாட் கடைத்தெரு வரை போனது. ஆனாலும் பதிவேட்டின்படி யாருக்கும் தெரியாது.

எலிகளின் உரிமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அறை வெப்பம் இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு, அதாவது ஓய்வு. அறையில் யாரும் குரலை உயர்த்தக்கூடாது. ஒவ்வொரு எலியின் முகத்தையும் தினம் இரண்டு வேளை பார்த்து, கண் சுருங்கியிருக்கிறதா, கன்னம் ஒட்டியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா என்று ஓர் அட்டையை வைத்து 'வேதனைப் புள்ளி' போட வேண்டும். அந்த அட்டையை அச்சடித்து லேமினேட் செய்து கொடுத்தவர் திருமதி ஹில்டா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி. வால் நுனியில் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரே கேள்வியில் ஒரு கூட்டத்தை மூன்று மணி நேரம் நடத்தியவர். அந்தக் கருணையைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது. ஏர்கோனும் நேரே என் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

எலிகளைப் பராமரிக்க இரண்டு பேர். இருவரும் ஒரு குத்தகைக் கம்பெனியின் ஆட்கள். வலது அடுக்கு லயனலுக்கு. இடது அடுக்கு வீரம்மா அக்காவுக்கு. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினேழு வயதில் இதே பாலத்துத் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். ரப்பர் மரங்களை வரிசை வரிசையாகப் பிரித்து ஒவ்வோர் ஆளுக்கும் கொடுப்பார்கள். அந்த வரிசைக்கு நிரை என்று பெயர். அக்கா எங்கள் அடுக்கையும் 'நெரை' என்றுதான் சொல்வார். தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர் கிராணி என்பதால் என்னைக் கிராணி என்பார். பல முறை திருத்தியிருக்கிறேன்.

சோதனை தொடங்குவதற்கு முதல் நாள் காலை அக்கா என் மேசைக்கு வந்தார்.

"கிராணி, ஒரு விசயம் பேசணும்."

"செயலாளர்னு சொல்லுங்கக்கா."

"சரி கிராணி. எங்கூட்டுக்காரரு விசயமா."

அவர் கணவர் பத்துமலை செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"ஆஸ்பத்திரியில கால் பயிற்சி குடுக்கிற பொண்ணு படிச்சிப் படிச்சிச் சொல்லிச்சி. காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு தரம் கட்டில்ல இருந்து எறக்கி நடக்க வைக்கணும். இல்லன்னா கால் சூம்பிரும், அப்பறம் எந்திரிக்கவே மாட்டாருன்னு. காலையில நாலரைக்கு எழுப்புனா தூக்கக் கலக்கம், நிக்க மாட்டேங்குறாரு. சாயங்காலம் போனா அசந்து கெடக்குறாரு. மத்தியானந்தான் அவரு உடம்பு அவரு சொன்னபடி கேக்குது. பன்னண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும் விட்டீங்கன்னா மோட்டர்சைக்கிள்ல போயி நடக்க வச்சிட்டு வந்துருவேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட இருந்து வேலை செய்றேன்."

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"மக தினேஸ்வரி சிங்கப்பூர்ல இருக்கு. பக்கத்து வீட்டு ஆளுங்களும் வேலைக்குப் போறவங்கதான். அவரு ஆறடி ஆளு தம்பி. எம் பேச்சுக்குத்தான் எந்திரிப்பாரு."

கோரிக்கையில் இருந்த நியாயம் என்னை உருக்கிவிட்டது. உடனே எழுதித் தரச் சொன்னேன்.

அன்று மாலையே கூட்டத்தில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ், மின்விசிறித் தூசிக்கு அடுத்ததாக அதைச் சேர்த்தேன்.

"மத்தியானம் ஒரு மணி நேரம் ஆள் இல்லன்னா கொக்கிய யாரு பார்க்கிறது?" என்றார் டாக்டர். "ஏதாவது ஒரு எலி கழண்டுச்சின்னா ரெண்டு வாரம் போச்சி லா."

"எலிகளுக்கும் பழகின முகம் இல்லாமப் போனா மனசு சங்கடப்படும்," என்றார் ஹில்டா. "ஆனா அந்தம்மா கேக்கிறதும் பாவமா இருக்கு. அவங்க கம்பெனிதானே முடிவு செய்யணும்?"

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆட்களை வெளியே விடுவது இடத்துக்காரர் முடிவு என்றார்கள். இடத்துக்காரர் நாங்கள். எங்கள் முடிவு கம்பெனியின் முடிவே முடிவு என்பது. இப்படியாக எல்லாருக்கும் சம்மதம் இருந்தது, முடிவுதான் இல்லை. 'சோதனை நிறைவுற்றபின் பரிசீலிக்கப்படும்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

மறுநாள் அக்காவிடம் விளக்கினேன். எங்கள் குழுவின் அதிகாரம் 'மனிதன் நீங்கலாக முதுகெலும்புள்ள பிராணிகள்' வரைக்கும்தான் என்று விதியை எடுத்துக் காட்டினேன்.

அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "அப்ப அவர எலின்னு எழுதிக்க முடியாதா?"

"எடை முந்நூறு கிராமுக்கு மேல போகக்கூடாதுக்கா."

"இப்பவே பாதியாத்தான் கெடக்காரு," என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கையில் ஹில்டாவின் அட்டை இருந்ததால் ஒப்பிட்டும் பார்த்தேன். கண் சுருங்கியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. மீசை சம்பந்தப்பட்ட பகுதி பொருந்தாததால் புள்ளி போட முடியவில்லை.

இரண்டு வாரம் ஓடியது. எங்கள் குழு எலிகளைக் கொன்று தசையை அறுத்து நிறுக்கும் காட்டுமிராண்டித்தனத்தை அனுமதிப்பதில்லை. ஸ்கேன் எடுத்துத்தான் அளப்போம். வலது அடுக்கு எலிகளுக்குக் கெண்டைக்கால் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. தரையில் விட்டால் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு நகர்ந்தன. இடது அடுக்கு எலிகளை விட்டோம். ஓடிப் பிடிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெத்தாய் லா, அர்ச்சுனன். பெத்தாய்," என்றார். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் டின் தயாராகிவிட்டது. பெயர் 'பெத்தாய் பவர்'. டின்மேல் ஓர் எலி புஜத்தை மடக்கிக் காட்டியது. புஜம் டாக்டருடையது என்று உள்வட்டாரத்தில் பேச்சு. ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபம் பிடித்தாயிற்று, திறந்து வைக்க டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் சம்மதித்தாயிற்று. 'படுக்கையில் இருப்போர் எழுவர்' என்ற விளம்பர வாசகம் அடியேன் எழுதியது.

வெளியீட்டுக்கு முன் ஒரு சிறப்புக் கூட்டம். ஊழியர் இருவருக்கும் நற்சான்றிதழ் கொடுத்துப் படம் எடுக்க ஏற்பாடு. லயனல் தலை சீவி வந்திருந்தார். அக்கா வேலை உடுப்பிலேயே வந்தார். செய்தித்தாளுக்குக் கொடுக்க இரண்டு வரி வேண்டும் என்று டாக்டர் கேட்டார்.

"வீரம்மாக்கா, இந்த எலிங்க கால் எப்படி இவ்ளோ கெட்டியா இருக்குன்னு ஒங்க வாயால சொல்லுங்க."

"தெனம் எறக்கி விட்டேன்ல," என்றார் அக்கா.

டாக்டர் நற்சான்றிதழைக் கீழே வைத்தார்.

"எறக்கி விட்டீங்களா?"

"ஆமா டாக்டர். பன்னண்டு மணிக்கு நீங்கள்லாம் சாப்பிடப் போயிருவீங்க. கொக்கியக் கழட்டி எறக்கி விட்ருவேன். ஒரு மணி வரைக்கும் நடக்கும். மொத ரெண்டு நாளு அதுங்களுக்குக் கால் ஊனவே வரல. கையில தாங்கி நிக்க வச்சேன். அப்பறம் அதுங்களா நடந்துச்சிங்க. நீங்க வரதுக்குள்ள மாட்டிருவேன்."

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

"ஆஸ்பத்திரிப் பொண்ணு சொன்னிச்சே, மத்தியானம் எறக்கி விட்டா சூம்பாதுன்னு. வீட்டுல கெடக்கிறவருக்குச் செய்ய முடியல. அந்த நேரத்துல இங்க சும்மா நின்னு தொங்குறதப் பாத்துக்கிட்டிருந்தா எனக்கு வயிறு எரியுது. இதுங்களுக்காவது செய்வோமேன்னு செஞ்சேன்."

ஹில்டாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "அப்போ வலது பக்கத்து எலிகள ஏன் இறக்கல?"

அக்கா ஆச்சரியமாகப் பார்த்தார். "அது லயனல் தம்பி நெரைம்மா. அடுத்த ஆளு நெரையில நாம போயி கைய வைக்கலாமா? தோட்டத்துல அப்படிச் செஞ்சா வெட்டுக்குத்து நடக்கும்."

"நான் ஒன்னைக்கூட எறக்கல டாக்டர், சத்தியமா," என்றார் லயனல். பழி தன்மேல் விழவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி.

நான் இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி மரியாதை செலுத்த விரும்புகிறேன். ஒரு பக்கம் பன்னிரண்டு எலி தினம் ஒரு மணி நேரம் நடந்தது. மறுபக்கம் பன்னிரண்டு எலி ஒரு நொடியும் நடக்கவில்லை. இரண்டும் கலக்கவில்லை, ஒரு நாள் தவறவில்லை. பாலத்துத் தோட்டத்து நிரைக் கட்டுப்பாட்டால் நடந்தேறிய அந்தச் சோதனை பிசகே இல்லாதது. அதில் பெத்தாய்க்கு மட்டும் வேலை இல்லை.

இருவரையும் வெளியே உட்காரச் சொன்னோம்.

"ஆய்வுல குறுக்கிட்டா வேலை நீக்கம். விதி இருக்கு," என்றார் டாக்டர்.

"நீக்கினா காரணம் எழுதணுமே," என்றார் ஹில்டா.

"காரணம் எழுதினா சோதனை செல்லாது."

"சோதனை செல்லாதுன்னா டத்தோ?"

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பதினைந்து நிமிட ஆழ்ந்த விவாதத்துக்குப் பிறகு, எந்த எலியும் எந்த மத்தியானத்திலும் இறக்கப்படவில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. நடக்காத ஒன்றுக்காக ஏழைப் பெண்மணியைத் தண்டிப்பது அநியாயம் என்று ஹில்டா வலியுறுத்தினார். அக்கா முழுமையாக விடுவிக்கப்பட்டார். அவர்மேல் எனக்கிருந்த மதிப்பால், நிலுவையில் இருந்த மத்தியான விண்ணப்பத்தை அப்போதே எடுத்து வைத்தேன்.

"சோதனை முடிஞ்சிருச்சி. இப்ப பரிசீலிக்கணும் டாக்டர்."

டாக்டர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். "குடுக்கலாம் லா. எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா குடுத்தா என்னா அர்த்தம்? நடந்தா கால் சூம்பாதுன்னு மையமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அப்பறம் பெத்தாய் எதுக்குன்னு எவனாவது கேப்பான்."

"அந்த மனுசன் பாவம் இல்லையா?" என்றார் ஹில்டா.

"பாவந்தான். அதான் ஆறு டின் ஓசியா குடுப்போம்."

'விஞ்ஞான உண்மைக்கு முரணாக இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது; மனிதாபிமான அடிப்படையில் ஆறு டின் வழங்கப்படுகிறது' என்று நான் எழுதினேன். எழுதிவிட்டு வாசித்தும் காட்டினேன். நல்ல நடை என்று ஹில்டா பாராட்டினார்.

டின்களை நானே கொண்டுபோனேன். லகாட்டில் மலிவு விலை அடுக்ககத்தின் கீழ்த்தளம். பத்துமலை அண்ணே சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கால்மாட்டில், பிடித்துக்கொண்டு நடக்க ஆஸ்பத்திரியில் கொடுக்கும் நடை சட்டம் ஒன்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது.

"இத குடிச்சா எந்திரிக்கலாமா தம்பி?"

"ஆய்வு அப்படித்தான் சொல்லுதுண்ணே."

"எலி எந்திரிச்சிச்சா?"

"எந்திரிச்சி ஓடிச்சி."

"அப்பன்னா குடிக்கிறேன். நீங்களே வந்திருக்கீங்க, கொஞ்சம் கையக் குடுங்க தம்பி. ஒரு தரம் நின்னு பார்ப்போம்."

அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கைலிக்குக் கீழே அவர் கெண்டைக்கால் தெரிந்தது. என் மணிக்கட்டு அளவுதான் இருந்தது. நான் பயந்துபோனேன். விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருந்தது. கூட்டம் இருக்கிறது, இன்னொரு நாள் வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஐந்து வாரம் எங்கள் குழுவின் பொற்காலம். தொங்கவிட்ட எலி பழையபடி நடக்கும்வரை அது குழுவின் பொறுப்பு என்பது எங்கள் சாசனம். வலது அடுக்கு எலிகள் பன்னிரண்டையும் காலை, மத்தியானம், மாலை என மூன்று வேளை இறக்கி நடக்க வைத்தோம். ஹில்டா ஈப்போவிலிருந்து தன் காரில் தவறாமல் வந்தார். ஓர் எலி பின்னங்காலை முதல் முறை ஊன்றியபோது கைதட்டினோம், மெதுவாக, அது மிரண்டுவிடாதபடி. ஐந்தாம் வாரம் பன்னிரண்டும் நடந்தன. வெளியீட்டு விழாவும் சிறப்பாக நடந்தது.

அதே வாரம் பத்துமலை அண்ணேயை மறுபரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆறு டின்னும் குடித்து முடித்திருந்தார். முழங்கால் இரண்டும் மடங்கி இறுகிப்போனதாகவும், தசை மிச்சமில்லை என்றும், இனி எழுந்து நடப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிச் சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்தார்களாம். லயனல்தான் சொன்னார்.

மறுநாள் அக்கா ஏழு மணிக்கே வேலைக்கு வந்துவிட்டார். தன் அடுக்கைச் சுத்தம் செய்தார். பிறகு வலது அடுக்கின் முன்னால் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

"லயனல் தம்பி நெரை எல்லாம் நடக்குது கிராணி."

"நடக்குதுக்கா. பன்னெண்டும்."

"யாரு எறக்கி விட்டா?"

"குழுதான். ஒரு நாளைக்கு மூணு தரம்."

"அப்ப ஒங்களுக்கும் எறக்கி விடத் தெரிஞ்சிருக்கு," என்றார். குரலை உயர்த்தவில்லை, அந்த அறையில் உயர்த்தக்கூடாது. வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். பின்னிணைப்பாக மையத்தின் விதிகளைச் சேர்க்க வேண்டும். விதி பதினொன்று: குத்தகை ஊழியர் எவரும் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் வெளியே சென்று திரும்பச் செயலாளரின் கையெழுத்து ஒன்றே போதும், குழுவையோ கம்பெனியையோ கேட்க வேண்டியதில்லை. இதை நான் இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மையம் தொடங்கிய வாரத்தில் அந்த விதியை எழுதியவனே நான்தான். அனுமதிச் சீட்டுக் கட்டு என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல், குழுவுக்கு ஈப்போ போய்ப் பிரியாணி வாங்கிவர, லயனலுக்கு அதில் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறேன்.